கவுனி முதல் பூம் பேரியர் வரை: வாசல் காவலின் கதை

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி வடக்கே போகிற ரோட்டுக்கு வால்டாக்ஸ் ரோடு என்று பெயர். அரசுப் பதிவில் வ.உ.சி. சாலை. அதில் கொஞ்ச தூரம் போனால் யானைக்கவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். வால்டாக்ஸ் என்றால் மதில் வரி. இன்று அங்கே மதிலும் இல்லை, கவுனியும் இல்லை. ஆனாலும் அந்த ரெண்டு பெயருக்குள்ளும் ஒரு பழைய சண்டை கிடக்கிறது. வாசலை யார் காப்பது? அதுக்கு யார் காசு கொடுப்பது?

இந்தச் சண்டையில் எனக்கு ஒரு சொந்த அக்கறையும் உண்டு. ஊர் கலசப்பாக்கம், வேலை சாஃப்ட்வேர், குடியிருப்பு சென்னைக்குத் தெற்கே மதில் சுவர் போட்ட ஓர் அடுக்குமாடி வளாகம். அங்கே கேட்டுக்கு ஒரு புது ஏற்பாடு செய்யலாம் என்று பேச்சு எழுந்தது. திட்டத்தில் மூணு அம்சம். குடியிருப்பவர்கள் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டி, பூம் பேரியர் தானாகத் திறப்பது ஒன்று. வெளியாருக்கு ஆப் மூலமாக ஓடிபி கொடுப்பது ரெண்டாவது. வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்குத் தனி வாசல், முகப் பதிவு, திரும்பிப் போகும்போது பை சோதனை என்பது மூணாவது. "நீங்க கம்ப்யூட்டர் ஆளாச்சே, டிசைனைப் பாருங்க" என்று காகிதம் என் கைக்கு வந்தது.

முதல் ரெண்டும் இன்ஜினியரிங் கணக்கு. மூணாவதைப் படித்ததும் உறுத்தல். அந்த உறுத்தலோடு உட்கார்ந்து, நம்ம பக்கத்தில் வாசல்கள் எப்படி வேலை செய்தன என்று தேடிப் படித்ததன் குறிப்புகள்தான் இது.

எங்கள் ஊர்ப்பக்கத்து முதல் வாசல்

கலசப்பாக்கம் செய்யாற்றங்கரை ஊர். மேற்கே பார்த்தால் பர்வதமலை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த நிலத்தைப் பாடிய நூல். பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். நூலில் வரும் சேயாறுதான் எங்கள் செய்யாறு. நவிரமலையைப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

நூலின் அமைப்பே ஒரு வழிகாட்டி. பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கூத்தன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு, நன்னனிடம் எப்படிப் போவது என்று வழி சொல்கிறான். எங்கே பாம்பு இருக்கும், எங்கே பன்றிப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே காவல் இருக்கும் என்று எல்லாம் சொல்கிறான். கூகுள் மேப் தோற்கும்.

இதில் ரெண்டு இடங்களைக் கவனிக்கணும். வழியில் மலைச் சிற்றூர் வரும்போது, "நாங்கள் நன்னனின் கூத்தர்கள் என்று சொல்லுங்கள், அது போதும், வாசலில் நிற்காமல் உங்கள் வீடு மாதிரி உள்ளே போகலாம்" என்பது அவன் தரும் யோசனை. கடைசியில் நன்னன் ஊரின் கடுங்காவல் உள்ள வாசல் வரும்போது, தயங்காமல் நுழையுங்கள் என்கிறான்.

ஒரு விஷயம் புரியணும். அங்கே காவல் இல்லாமல் இல்லை. கடுமையான காவல் இருந்தது என்று நூலே சொல்கிறது. ஆனால் யாரிடம் போகிறோம் என்று ஒரு பெயர் சொன்னால் வழி திறந்தது. இன்றைக்கு நம்ம கேட்டில் "பி பிளாக், 304" என்று சொல்கிறோமே, அதே முறைதான். வந்தவனுக்கு உள்ளே இருப்பவன் பொறுப்பு. கிழிந்த துணியோடு, பசியோடு வந்த கூட்டம் என்பதால் அவர்களுக்குத் தனி வாசல் காட்டப்படவில்லை. புலவர் இலட்சியத்தைப் பாடியிருக்கலாம், நடைமுறை வேறாக இருந்திருக்கலாம். இருக்கட்டும். இலட்சியம் என்று எதை நினைத்தார்கள் என்பதும் வரலாறுதானே.

பெருவழியில் ஒரு சுங்கம்

வாசலில் நிறுத்துவதற்குக் காவல் மட்டும் காரணம் இல்லை. கணக்கும் வரியும் அடுத்த காரணம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், சுங்கம் வாங்கும் ஒரு பெருவழி வருகிறது. மிளகு மூட்டை ஏற்றிய கழுதைகளோடு வணிகர் கூட்டம் போகிறது. வழி பிரியும் இடத்தில் வில்லோடு காவல் நிற்கிறது. இந்த நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையும் பாடினார். காவிரிப்பூம்பட்டினத்தில் ஏறும் சரக்குக்கும் இறங்கும் சரக்குக்கும் சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதை அதில் காணலாம். என் தொழில் மொழியில் சொன்னால் அது ஒரு டேக். சோதித்தாகிவிட்டது, மறுபடி நிறுத்த வேண்டாம் என்று அடுத்த ஆளுக்குச் சொல்லும் அடையாளம்.

வடக்கே அர்த்தசாஸ்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முத்திரைச் சீட்டு வழங்க என்றே தனி அதிகாரி. நாட்டுக்குள் வர, போக அந்தச் சீட்டு வேணும். கட்டணம் ஒரு மாஷகம், சீட்டு இல்லாமல் மாட்டினால் தண்டம் 12 பணம். விசிட்டர் பாஸ் ஒன்றும் புதுசு இல்லை.

சுங்கம் மக்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பதற்கு ஒரு பட்டப்பெயரே சாட்சி. 1070 முதல் ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்குச் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பெயர். ஊர்களைப் பிடித்தான், கடாரத்தை வென்றான் என்பதற்கெல்லாம் மேலே, வழியில் நிறுத்தி வாங்கும் காசை நீக்கினான் என்பது ஒரு ராஜாவுக்குப் புகழாக நின்றிருக்கிறது. கோவையில் சுங்கம், திருச்சியில் நெ.1 டோல்கேட், வடசென்னையில் டோல்கேட் என்று ஊர்ப் பெயராகவே இவை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாவடி போன பிறகும் நிறுத்தப்பட்ட ஞாபகம் போகவில்லை.

மதுரை வாசலில் தப்பு நடக்கவில்லை

இனி சிலப்பதிகாரம். கோவலன் மதுரைக்குள் நுழையும்போது, கோட்டை வாசலில் வாளேந்திய யவனர்கள் காவல் நிற்கிறார்கள். வெளிநாட்டுத் தனியார் செக்யூரிட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். அவர்கள் சந்தேகப்படாதபடி கோவலன் உள்ளே போகிறான். சந்தேகப்பட ஒன்றும் இல்லை, அவன் குற்றவாளி இல்லை. வாசல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

தப்பு உள்ளே நடந்தது. அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைக்குள் சாதாரணமாகப் போய்வரும் பொற்கொல்லன். அவனை எந்த வாசலிலும் யாரும் நிறுத்தியதில்லை, அவன் தெரிந்த ஆள். சிலம்பைக் கையில் வைத்திருந்த வெளியூர்க்காரன் மாட்டினான். "திருடன் இவன்தான்" என்று சொல்ல ஒரு தெரிந்த முகம் போதுமாக இருந்தது. வெளியூர்க்காரன் சொல்வதைக் கேட்க ஒருவரும் இல்லை. விசாரணை இல்லாமல் வெட்டினார்கள். ஊர் எரிந்தது.

பை சோதனை என்ற மூணாவது அம்சம் ஏன் உறுத்தியது என்று எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. அந்தச் சோதனை திருட்டைத் தேடவில்லை. திருடக்கூடியவர் இவர்தான் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு, அதற்கு ஒரு மேசை போடுகிறது. ஸ்டிக்கர் ஒட்டிய காரின் டிக்கியை யாரும் திறப்பதில்லை. ஒரு டிபன் பாக்ஸும் பழைய புடவையும் உள்ள பையைத் திறக்கிறோம். எது பெரிய பை?

யானையும் கதவும்

ஆரணியிலிருந்து ஆற்காடு ரொம்பத் தூரம் இல்லை. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்று ஒரு வாசல் இன்றும் நிற்கிறது. ஆற்காட்டுக் கோட்டையில் மிச்சம் என்று காட்ட அதைத் தவிர அதிகம் இல்லை.

1751-இல் கிளைவ் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு போய் ஆற்காட்டைப் பிடித்தார். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் பெரும்படையோடு வந்து 50 நாள் முற்றுகை போட்டார். நவம்பரில் கடைசித் தாக்குதல். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை முட்டி உடைக்க ஓட்டினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டதும் யானைகள் மிரண்டு திரும்பி, ஓட்டி வந்த படையையே மிதித்தன. முற்றுகை கலைந்தது. அதற்கு அடுத்த மாதமே ஆரணி அருகே நடந்த சண்டையிலும் ராசா சாகிபுக்குத் தோல்வி.

வண்டி மோதிக் கதவை உடைப்பது என்ற பிரச்சினைக்கு அந்தக் காலத்துப் பெயர் யானை. அதைச் சமாளிக்க நம் கோட்டைகளில் செய்த ஏற்பாடுகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கதவில் கூர்மையான இரும்பு முனைகள். வாசலுக்கு நேரே வழி வைக்காமல், ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம் என்று வளைத்துவிடுவது. யானை ஓடி வந்து வேகம் எடுக்க இடமே கிடைக்காது. செஞ்சிக் கோட்டையில் இந்த மாதிரி வளைந்த வாசல்களுக்குள் நடந்துபோனால், ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருந்து நம்மை யாரோ பார்க்கிற மாதிரி கட்டியிருப்பது தெரியும். இன்று கேட்டுக்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கர் போட்டு, பிளாஸ்டிக் தடுப்பை இடமும் வலமுமாக வைப்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் கதவு பலமாக இருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. அதைக் காட்டுவது வேலூர். 1806 ஜூலை 10 அதிகாலை, கோட்டைக்குள் இருந்த சிப்பாய்களே எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை என்று கம்பெனி போட்ட உத்தரவுகள் உடனடிக் காரணம். யார் பக்கம் நியாயம் என்பது தனிப் பேச்சு, என் மனசு சிப்பாய்கள் பக்கம். இங்கே நான் கதவை மட்டும் பார்க்கிறேன். செய்தி கேட்டு ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லெஸ்பி வந்தபோது, கம்பெனி தனக்காகக் கட்டிக் காத்த கதவே அவருக்கு எதிராகச் சாத்தியிருந்தது. அவர் கயிறு பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் அந்தக் கதவைத் தகர்த்தன.

ஆபத்து உள்ளே இருக்கும்போது, பலமான கதவு உதவியைத்தான் தடுக்கும். இதை நம்ம வளாகத்துக்குப் பொருத்திப் பாருங்க. தீப்பிடித்தால் வரும் தீயணைப்பு வண்டி, நெஞ்சுவலி என்றால் வரும் 108. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தீயணைப்பு வண்டி வரவேண்டிய உயரக் கட்டடங்களின் பிரதான வாசல் 6 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. நிறைய இடங்களில் கட்டும்போது 6 மீட்டர் இருக்கும். பிறகு நடுவில் ஒரு செக்யூரிட்டி கேபின், இந்தப் பக்கம் ஒரு பூம், அந்தப் பக்கம் ஒரு பூம், ஓரமாக ரெண்டு பூந்தொட்டி. டேப் வைத்து அளந்தால் ரெண்டு பக்கமும் மூணு மீட்டர்கூடத் தேறாது.

வசூலாகாத மதில் வரி

இப்போது வால்டாக்ஸ் ரோட்டுக்குத் திரும்பலாம். ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்றுதான் மதராஸ் வளர்ந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டது. இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் இடம் அதுதான். கோட்டையிலிருந்து சுடுவதற்குத் திறந்தவெளி வேணும் என்பதால் நடுவில் கட்டடமே கூடாது என்று எல்லைக் கல் நட்டார்கள். 1773 என்று பொறித்த அப்படியொரு கல்லை பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்றும் பார்க்கலாம்.

1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை மதராஸ் வாசல் வரை வந்து, ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு போனது. அந்தப் பயத்தில் புதுக் கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழும்பியது. கான்ட்ராக்டர் பால் பென்ஃபீல்டு. யானைக்கவுனி அந்த மதிலில் இருந்த வாசல்களில் ஒன்று. மதில் உங்கள் பாதுகாப்புக்குத்தானே, செலவை நீங்கள் கொடுங்கள் என்று உள்ளே வசிப்பவர்கள்மேல் வரி போடத் திட்டமிட்டார்கள். அப்படி வரி போட அதிகாரம் உண்டா என்று கேள்வி எழுந்தது. அந்த வரி வசூலாகவே இல்லை என்பதுதான் பொதுவாக வரலாற்றாசிரியர்கள் சொல்வது. வரி வரவில்லை, பெயர் மட்டும் ரோட்டுக்கு வந்துவிட்டது. பழைய சிறைச்சாலை ரோட்டுப் பக்கம் மாடிப்பூங்காவில் அந்த மதிலின் துண்டு ஒன்று மிச்சம்.

மெயின்டனன்ஸ் கட்டணத்தில் செக்யூரிட்டிக்கு எவ்வளவு என்று நடக்கும் ஒவ்வொரு பொதுக்குழுச் சண்டையையும் வால்டாக்ஸின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். எல்லாருக்கும் பலமான கேட் வேணும். செலவு என்றதும் ஆளைக் குறை, அதுக்குப் பதில் கேமரா போடு என்கிறோம்.

மதில் என்பது யாரிடமிருந்து யாரைக் காக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். லண்டனில் பெரிய நிலக்கிழார்கள் தங்கள் குடியிருப்புத் தெருக்களுக்குக் கேட் போட்டுக் காவலாளி வைத்திருந்தார்கள். கனவான்களின் கோச்சு வண்டிக்குத் திறக்கும், பார வண்டிக்கும் ஆடுமாட்டுக்கும் திறக்காது. ஊர் மக்கள் எதிர்த்து, 1890-இலும் 1893-இலும் பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் கேட்டுகளை எடுத்தது. நம்ம பக்கம் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில், 1989 கலவரத்துக்குப் பிறகு எழுந்த சுவருக்கும் பாதுகாப்பு என்றே காரணம் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தலித் மக்களுக்கு வழி அடைபட்டது. 2008 மே 6-இல்தான் மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. அடுக்குமாடி வளாகத்தின் தனி வாசலும் உத்தப்புரமும் ஒன்றா என்று கோபப்படுவார்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் "பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டிவிடாமல், யாரைப் பிரிக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்பதற்கு இந்த ரெண்டும் போதும்.

திருட்டு போனால் காவல்காரன் கொடுக்கணும்

தமிழ்நாட்டுக் காவல் வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரி வரும். ஊர்க் காவலுக்காக ஊர் கொடுப்பது. பின்னாளில் தெற்கே ஸ்தலங்காவல், தேசகாவல் என்று இதே முறை விரிந்தது. அறுவடையில் காவல்காரருக்கு ஒரு பங்கு. பதிலுக்கு அவர் ஏற்கும் கடமை என்ன தெரியுமா? மாடோ பொருளோ திருட்டு போனால் கண்டுபிடித்துத் தரணும். முடியாவிட்டால் நஷ்டத்தை அவரே ஈடுகட்டணும்.

இதை ரொம்ப மெச்சவும் வேண்டாம். காவல் கொடுக்காத ஊரில் திருட்டு அதிகமாகும், காவலே மிரட்டல் ஆகும் என்ற புகார்களும் இந்த முறையோடு சேர்ந்தே வந்தன. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு கம்பெனி அவர்களிடமிருந்து காவல் உரிமையையும் பறித்தது. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் எலும்பைப் பாருங்க. கூலி, அதிகாரம், பொறுப்பு மூணும் ஒரே ஆளிடம் இருந்தன.

இப்போது எங்கள் கேட்டில் நிற்பவரைப் பார்ப்போம். அவர் ஆரணிப் பக்கம். முப்பது வருஷம் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர், தறி ஓய்ந்ததும் சென்னைக்கு வந்து 12 மணி நேர ஷிப்டில் நிற்கிறார். நானும் கலசப்பாக்கம் என்று தெரிந்த பிறகு கொஞ்சம் மனசு விட்டுப் பேசுவார். புது ஏற்பாடு பற்றி "என்னண்ணே நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்னா சார் நினைக்கிறது. காரை நிறுத்துனா 'நான் யார்னு தெரியாதா'ன்றாங்க. நிறுத்தலன்னா சூப்பர்வைசர் திட்றாரு. வேலைக்கு வர்ற பொம்பளைங்கள மட்டும் நிறுத்தலாம், அவங்க யாரும் திட்ட மாட்டாங்க. இப்ப அவங்க பையையும் நான் தொறந்து பாக்கணுமா? என் சம்சாரமும் நாலு வீட்ல வேல செய்றா சார்."

இதற்கு மேல் எனக்கு டிசைன் ரிவ்யூ தேவைப்படவில்லை. திருட்டு போனால் முதலில் கேள்வி அவருக்கு. ஆனால் யாரை நிறுத்துவது என்ற முடிவு அவர் கையில் இல்லை. பொறுப்பு மட்டும் இறங்கி வந்திருக்கிறது, கூலியும் அதிகாரமும் மேலேயே தங்கிவிட்டன. 2005-இல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நிறுவனத்துக்கு உரிமம் வேணும், ஆளுக்குப் பயிற்சி வேணும் என்கிறது. அந்தச் சட்டம் கேட்டில் நிற்பவருக்குப் போலீஸ் அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. பையைத் திறந்து பார் என்று அவரிடம் சொல்லும்போது, இல்லாத அதிகாரத்தை அவர் தலையில் கட்டுகிறோம்.

இன்ஜினியர் கணக்கு

முதல் ரெண்டு அம்சத்துக்கு வருகிறேன். வண்டி வரிசை என்பது 1909-இலேயே டென்மார்க் இன்ஜினியர் எர்லாங் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகத் தொடங்கிவைத்த கணக்கு. எளிமையாகச் சொல்கிறேன். காலையில் மணிக்கு 150 வண்டி, முன்னே பின்னே ஒழுங்கில்லாமல் வருகிறது என்று வைப்போம். ஒரு வண்டிக்குச் சராசரியாக 20 வினாடி ஆனால், கேட்டின் திறன் மணிக்கு 180. 150 வண்டிதானே, தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் எளிய வரிசைச் சூத்திரம் போட்டால் சராசரியாக 5 வண்டி கேட்டில் நிற்கும். நேரத்தை 15 வினாடியாகக் குறைத்தால் நிற்பது 2-க்கும் கீழே போகிறது. வெறும் 5 வினாடிக்கு இவ்வளவு வித்தியாசம்.

அதனால் தினமும் வரும் வண்டிக்கு ஸ்டிக்கர் நல்ல யோசனை. 2021 பிப்ரவரி நடுவில் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமான ஃபாஸ்டேக் மாதிரிதான் இதுவும். ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஒன்றைக் கவனிக்கணும். ஸ்டிக்கரில் எழுதும் எண்ணைத் தக்க கருவி இருந்தால் இன்னொன்றில் நகல் எடுக்கலாம். தொழிற்சாலையிலேயே பதிந்து வரும் சிப் எண்ணையும் சேர்த்துச் சரிபார்க்கச் சொல்லணும். இன்னொன்று, ஸ்டிக்கர் வண்டியை அடையாளம் காட்டும், உள்ளே இருப்பவரைக் காட்டாது. அது வேகத்துக்கான கருவி. அதைப் பாதுகாப்பு என்று விற்பதை நம்பக் கூடாது.

விசிட்டர் பதிவில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பழைய நோட்டுப் புத்தகத்தில் பெயர், போன் நம்பர் எழுதினோம். ஒரு வருஷத்தில் அது எடைக்குப் போகும். ஆப்-இல் எழுதினால் போவதே இல்லை. யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்த வீட்டுக்கு, எவ்வளவு நேரம் இருந்தார் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும். 2023-இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, எந்த வேலைக்காக வாங்கினோமோ அந்த வேலை முடிந்ததும் தரவை அழிக்கணும் என்பதுதான். முகப் பதிவு இன்னும் ஆபத்து. பாஸ்வேர்டு திருட்டு போனால் மாற்றலாம், முகத்தை எப்படி மாற்றுவது?

இவ்வளவையும் படித்த பிறகு, அசோசியேஷனுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே பக்கம்தான். குடியிருப்பவர் வண்டிக்கு ஸ்டிக்கர், சரி. விசிட்டர் பதிவு 30 நாளில் தானாக அழியணும். தீயணைப்பு வண்டிக்கும் 108-க்கும் பதிவு, ஓடிபி எதுவும் கிடையாது, பூம் தூக்கியே நிற்கணும், 6 மீட்டருக்குத் தடையாக உள்ள கேபினை நகர்த்தணும். வேலைக்கு வருகிறவர்கள் எந்த வீட்டுக்கு வருகிறார்களோ அந்த வீடு அவர்களுக்குப் பொறுப்பு, மற்ற விருந்தாளிகளுக்கு எப்படியோ அப்படி. தனி வாசல், பை சோதனை, முகப் பதிவு மூணும் வேண்டாம். பை பார்த்தே ஆகணும் என்றால் எல்லாப் பையும் பார்க்கணும், கார் டிக்கி உட்பட.

கடைசி வரிதான் வேலை செய்தது. டிக்கி என்றதும் பை சோதனைப் பேச்சு அடங்கிப்போனது. முகப் பதிவை மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கேபினை நகர்த்த என்ன செலவாகும் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டில் நிற்பவரின் ஷிப்டை 8 மணி நேரமாக்கி இன்னொரு ஆள் போடணும் என்று நான் எழுதிய வரியைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தச் செலவு வீட்டுக்கு மாசம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், பெரிய தொகை இல்லை. மதில் வரி கொடுக்க மதராஸ்காரர்கள் மறுத்ததில் ஒரு நியாயம் இருந்தது, அவர்களைக் கேட்காமலே மதில் கட்டினார்கள். இந்த மதிலை நாமேதான் கேட்டு வாங்கிக் குடிவந்தோம்.